ஹோம் தியேட்டர் செட்டு: கரண்ட்ல இருந்து காப்பாத்துறது எப்படி, கோளாறு வந்தா எங்க இருந்து தேடுறது – அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஐப்பசி மாசம் முதல் இடி இடிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்கு போன் வர ஆரம்பிக்கும், சித்தப்பா பையன், ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவர், எதிர் வீட்டு அக்கான்னு வரிசையா. டிவி வரல, ஆம்ப்ல (ஆம்ப்ளிஃபையர்) சிவப்பு லைட் மின்னுது, சப்ல (சப் வூஃபர்) ‘ங்ங்ங்’னு சத்தம்னு கேள்வி எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு ஒரு தடவை முழுசா எழுதி வச்சுடலாம்னு உக்காந்தேன். நான் மெக்கானிக் கிடையாது, கடலூர்ல இருக்கேன், பதினஞ்சு வருஷமா இந்தப் பொருள்களோட வாழ்றேன், ஒரே நாள்ல நாலு பொருள் போய் காசும் நிறைய விட்டிருக்கேன், அதுல கத்துக்கிட்டதுதான் இது.

கேள்வி: புதுசா 5.1 செட்டு (அஞ்சு ஸ்பீக்கர், ஒரு சப்) வாங்கப் போறேன். ஸ்டெபிலைசர் வாங்கவா, ஸ்பைக் பஸ்டர் வாங்கவா?

ரெண்டும் இப்போ வேணாம். முதல்ல ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு டிவி ப்ளக் இருக்குற பாயிண்ட்ல எர்த் ஒழுங்கா இருக்கான்னு பாருங்க. மூணு ஓட்டை இருக்குறதால எர்த் இருக்குன்னு அர்த்தம் கிடையாது, பாதி வீட்டுல அந்த மேல் ஓட்டைக்குப் பின்னாடி வயரே இருக்காது, இருந்தாலும் கீழ குழிக்குப் போய்ச் சேராது.

மல்டிமீட்டர் இருந்தா சுலபம். கரண்ட் வர்ற பேஸுக்கும் திரும்பிப் போற நியூட்ரலுக்கும் 230 பக்கத்துல காட்டணும், பேஸுக்கும் எர்த்துக்கும் அதே அளவு காட்டணும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் வச்சா ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள இருக்கணும், அதுவும் வீட்டுல ஏசியோ மோட்டரோ ஓடுறப்போ பாக்கணும், சும்மா இருக்குறப்போ பாத்தா எல்லாம் நல்லாத்தான் தெரியும். அஞ்சு, பத்துன்னு ஏறினா எங்கயோ லூஸ் கனெக்‌ஷன்னு அர்த்தம். மீட்டர் மட்டும் போதாது, ஏன்னா துருப்பிடிச்ச எர்த் கூட மீட்டருக்கு 230 காட்டிடும். அதனாலதான் பழைய ஒயர்மேன்கள் 100 வாட்ஸ் குண்டு பல்பை பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல போட்டுப் பாப்பாங்க, பளிச்னு எரியணும், மங்கலா எரிஞ்சா எர்த் செத்துப் போச்சு. கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற ஆர்சிசிபி இருக்குற வீட்டுல பல்பைப் போட்டதும் டிரிப் ஆகும், அது நல்லதுதான், ஆர்சிசிபியும் வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுடும். ஆனா இந்த பல்பு டெஸ்டை நீங்களா செய்யாதீங்க, எலக்ட்ரீஷியனையே செய்யச் சொல்லுங்க.

எர்த் குழில உப்பும் கரியும் போட்டு ஜிஐ பைப் இறக்கியிருப்பாங்க, அது ஈரமா இருந்தாத்தான் வேலை செய்யும். சித்திரை வைகாசில மண்ணு காஞ்சு வெடிச்சுப் போய்டும், வாரத்துக்கு ரெண்டு வாளி தண்ணி ஊத்துங்க. எங்க வீட்டுல ஏசில இருந்து வடியுற தண்ணிக் குழாயை அந்தக் குழிக்கே திருப்பி விட்டுட்டேன், வெயில் காலத்துலதான் ஏசி ஓடும், அப்போதான் குழிக்கும் தண்ணி வேணும்.

இன்னொண்ணு, இதை ரொம்பக் கவனமா படிங்க. எர்த் இல்லாத வீட்டுல சில பேரு ப்ளக் பாயிண்ட்டுக்குள்ளயே நியூட்ரல்ல இருந்து ஒரு துண்டு வயரை எடுத்து எர்த் பின்னுல கட்டி விட்டுடுவாங்க, டெஸ்ட் பண்ணினா எல்லாம் சரியா காட்டும். ஆனா என்னைக்காவது அந்த நியூட்ரல் அறுந்தா உங்க ஆம்ப், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின்னு எல்லாத்தோட இரும்பு உடம்புலயும் முழு கரண்ட் நிக்கும். உங்க வீட்டுல அப்படி இருந்தா இன்னைக்கே கழட்டச் சொல்லுங்க.

கேள்வி: ஸ்பைக் பஸ்டர் போட்டிருந்தும் எனக்கு டிவி போர்டு போய்டுச்சு, ஏன்?

எனக்கும் இதேதான் நடந்தது. எங்க வீடு த்ரீ பேஸ். ஒரு நாள் சாயங்காலம் திடீர்னு ஹால் லைட் எல்லாம் கண்ணு கூசுற மாதிரி எரிஞ்சுது, ஃபேன் பேய் மாதிரி சுத்துச்சு, நான் என்னன்னு எழுந்திரிக்கிறதுக்குள்ள ஸ்பைக் பஸ்டர்ல இருந்து கருகின வாசனை, அப்புறம் சப் வூஃபர்ல ‘டப்’. டிவி, செட்டாப் பாக்ஸ், சப்போட ஆம்ப், ஃப்ரிட்ஜ் போர்டு, நாலும் காலி. எலக்ட்ரீஷியன் வந்து மெயின் போர்டைத் திறந்தா நியூட்ரல் ஸ்க்ரூ லூஸாகி வயர் முனை கருகிப் போய்க் கிடக்கு. ஒரே ஒரு ஸ்க்ரூ!

நடந்தது என்னன்னா, மூணு பேஸும் ஒரே நியூட்ரலைத்தான் பங்கு போட்டுக்குது. அது விட்டுப் போச்சுன்னா ஒரு பேஸ்ல இருக்குற பொருளும் இன்னொரு பேஸ்ல இருக்குற பொருளும் வரிசையா ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கும், ரெண்டு பேஸுக்கும் நடுவுல 400, 415 வோல்ட் இருக்கு, அதை ரெண்டும் பங்கு போட்டுக்கும். எந்தப் பக்கம் லோடு கம்மியோ அந்தப் பக்கத்துக்கு வோல்டேஜ் அதிகமா போகும். ஒரு பேஸ்ல ஏசி ஓடுது, இன்னொரு பேஸ்ல வெறும் டிவியும் ஆம்பும்னா அடி மொத்தமும் டிவிக்குத்தான். சிங்கிள் பேஸ் வீட்டுக்காரங்களும் தப்பிக்க முடியாது, தெருக் கம்பத்துல நியூட்ரல் அறுந்தா தெரு முழுக்க இதே கதைதான்.

ஸ்பைக் பஸ்டருக்குள்ள இருக்குறது எம்ஓவின்னு ஒரு சின்ன வட்ட வில்லை, வெளிய இருந்து பாத்தா பெரிய மாத்திரை மாதிரி இருக்கும். ஒரு கண் சிமிட்டுற நேரத்துல ஆயிரத்துல ஒரு பங்குகூட இல்லாத துடிப்பு வந்தா அதை விழுங்கும். அதுக்குத்தான் அதைச் செஞ்சிருக்காங்க. 350 வோல்ட் ரெண்டு நிமிஷம் நின்னா அது சூடாகி எரிஞ்சு போகும், அவ்வளவுதான். அந்த மாதிரி சின்னத் துடிப்பையே பல தடவை விழுங்கி விழுங்கியும் தேய்ஞ்சு போகும், அதனாலதான் நல்ல ஸ்பைக் பஸ்டர்ல பாதுகாப்பு இருக்குன்னு காட்ட தனியா ஒரு லைட் இருக்கும், அது அணைஞ்சா பாக்ஸையே மாத்தணும். கடைல ஸ்பைக் பஸ்டர்னு குடுக்குறதுல பாதி வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான், பின்னாடி எவ்வளவு அடி தாங்கும்னு சொல்ற ஜூல்ஸ் எத்தனைன்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க, போடலைன்னா உள்ள ஒண்ணும் இல்லைன்னு எடுத்துக்கலாம்.

கேள்வி: அப்போ நியூட்ரல் போனா எது காப்பாத்தும்?

ஓவர் வோல்டேஜ் அண்டர் வோல்டேஜ் ரிலேன்னு கேளுங்க, வீட்டு மெயின் போர்டான டிபி பாக்ஸ்ல எம்சிபி சுவிட்சுகளுக்குப் பக்கத்துலயே மாட்டுற மாதிரி வரும், மேல நம்பர்ல வோல்டேஜ் காட்டும். மேல் அளவு 260, கீழ் அளவு 180ன்னு நான் வச்சிருக்கேன், அதைத் தாண்டினா ஒரு நொடிக்குள்ள கட் பண்ணிடும், சரியானதும் கொஞ்ச நேரம் பொறுத்துத் தானா சேரும். த்ரீ பேஸ் வீட்டுல டிவி இருக்குற பேஸுக்கு மட்டும் ஒண்ணு போட்டாலும் போதும், முடிஞ்சா மூணுக்கும் போடுங்க. டிவி விலையோட பாத்தா இதோட விலை ஒண்ணுமே இல்ல. நான் நாலு பொருளைப் பறிகொடுத்த அப்புறம் போட்டேன், நீங்க முன்னாடியே போட்டுக்கோங்க.

அதோட வருஷத்துக்கு ஒரு தடவை மெயினை ஆஃப் பண்ணி டிபில இருக்குற எல்லா ஸ்க்ரூவையும் டைட் வைக்கச் சொல்லுங்க. அரை மணி நேர வேலை.

லைட்டு திடீர்னு பளிச்னு ஆகி ஃபேன் வேகமெடுத்தா யோசிக்கவே கூடாது, ஓடிப்போய் மெயினை இறக்குங்க. டிவியைத் தனியா ஆஃப் பண்றேன்னு ரிமோட்டைத் தேடாதீங்க. அப்புறம் பக்கத்து வீட்டுலயும் இப்படித்தானான்னு கேளுங்க, அங்கயும்னா கம்பத்துலதான் கோளாறு, மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987க்கு போன் பண்ணி சர்வீஸ் நம்பரைச் சொல்லிடுங்க. உங்க வீட்டுல மட்டும்னா எலக்ட்ரீஷியன் வந்து பாக்குற வரைக்கும் மெயினை மேல ஏத்தாதீங்க.

கேள்வி: டிவிக்கு ஸ்டெபிலைசர் தேவையே இல்லன்னு கடைக்காரர் சொல்றாரு, நிஜமா?

பெரும்பாலும் நிஜம். டிவி பின்னாடி ஸ்டிக்கரைப் பாருங்க, 100–240ன்னு போட்டிருந்தா சாயங்காலம் 170க்கு இறங்கினாலும் அது பாட்டுக்கு ஓடும், உள்ள இருக்குற எஸ்எம்பிஎஸ்ங்கிற பவர் சப்ளை சமாளிச்சுக்கும். ஆனா ஏவி ரிசீவர் (எல்லா ஸ்பீக்கருக்கும் சவுண்டைப் பிரிச்சுக் குடுக்குற பெரிய ஆம்ப்), கடைல பாகங்களைச் சேத்துச் செய்யுற அசெம்பிள் ஆம்ப், பழைய சப் எல்லாம் உள்ள கனமான டிரான்ஸ்ஃபார்மர் வச்சது, 230ன்னு மட்டும் போட்டிருக்கும், அதுக்கு வோல்டேஜ் ஏறினா உள்ள கெப்பாசிட்டருக்கும் ஏறும், இறங்கினா சவுண்டு கூட்டினதும் கரகரன்னு உடையும். டெல்டா பக்கம் பம்ப் செட்டு ஓடுற நேரத்துல லோ வோல்டேஜ்ல தவிக்கிற வீடுகளுக்கு ஆம்புக்கு மட்டும் ஒரு நல்ல ஸ்டெபிலைசர் போடுறது நியாயம். வாங்குறப்போ ஹை கட் ஆஃப் (வோல்டேஜ் அளவு மீறினா கட் பண்றது) இருக்கான்னு கேட்டு வாங்குங்க, சும்மா ஏத்தி மட்டும் விடுறது எதுக்கும் உதவாது.

கேள்வி: இடி மின்னல் வந்தா சுவிட்சை ஆஃப் பண்ணிட்டா போதாதா?

போதாது. சுவிட்சுக்குள்ள திறக்குற இடைவெளி சில மில்லிமீட்டர்தான், மேகத்துல இருந்து தரைக்குக் கிலோமீட்டர் கணக்குல தாண்டி வர்றதுக்கு அது ஒரு தடையா? அதுவும் நம்ம வீட்டு சுவிட்ச் பேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் சேந்தேதான் இருக்கும். ப்ளக்கைப் பிடுங்கணும்.

ப்ளக்கை மட்டும் பிடுங்கினாலும் பாதி வேலைதான். மொட்டை மாடில நிக்குற டிஷ்ல இருந்து ஒரு வயர் நேரா செட்டாப் பாக்ஸுக்கு வருது, அதுல இருந்து எச்டிஎம்ஐ டிவிக்கு, டிவில இருந்து இன்னொரு எச்டிஎம்ஐ ரிசீவருக்கு. மின்னல் நம்ம வீட்டு மேல விழணும்னு கூட அவசியம் இல்ல, பக்கத்துத் தென்னை மரத்துல விழுந்தாலே இந்த நீள வயர்கள்ல வோல்டேஜ் தூண்டப்பட்டுடும். மின்னல்ல அடிவாங்கின செட்டுகளைப் பாத்தீங்கன்னா பல சமயம் பவர் சப்ளை நல்லா இருக்கும், எச்டிஎம்ஐ போர்ட்டும் அது உக்காந்திருக்குற மெயின் போர்டும்தான் போயிருக்கும். அதனால டிஷ் வயர், கேபிள் டிவி வயர், மோடத்துல இருந்து டிவிக்கு வர்ற லேன் வயர் மூணையும் கழட்டிடுங்க. ஃபைபர் இன்டர்நெட்னா கண்ணாடி இழைல கரண்ட் வராது, ஆனா மோடத்தோட அடாப்டர் வழியா வந்து லேன் வயர்ல ஏறி டிவிக்குப் போகும்.

இதையெல்லாம் இடி தலைக்கு மேல வர்றதுக்கு முன்னாடி செய்யணும். மின்னல் வெட்டி சத்தம் கேக்குற வரைக்கும் எண்ணுங்க, மூணு நொடிக்கு ஒரு கிலோமீட்டர். பக்கத்துல வந்துடுச்சுன்னா வயரைத் தொடாதீங்க, டிவி போனா போகுது. ஊருக்குப் போறப்போ எதையும் ப்ளக்ல விட்டுட்டுப் போகாதீங்க, சித்திரை வைகாசி கோடை மழைலயும் இடி அதிகம், எல்லாரும் ஐப்பசி கார்த்திகையை மட்டும்தான் நினைக்கிறாங்க.

டிபில டைப் 2 எஸ்பிடின்னு (திடீர்னு பாயுற வோல்டேஜைத் திருப்பி விடுற பொருள்) ஒண்ணு போடலாம், நல்லதுதான், ஆனா அது அடியை எர்த்துக்குத்தான் திருப்பி விடும், எர்த் இல்லாத வீட்டுல அதனால பெருசா பிரயோஜனம் இல்ல. அதனாலதான் முதல் பதில்லயே எர்த்தைப் பிடிச்சுக்கிட்டு தொங்கினேன்.

கேள்வி: ஆம்ப் பாடியையோ எச்டிஎம்ஐ வயர் முனையையோ தொட்டா சுர்ருன்னு இருக்கு. ஆபத்தா?

எர்த் இல்லன்னு உங்க விரல் சொல்லுது. எஸ்எம்பிஎஸ்க்குள்ள சத்தத்தை வடிகட்ட சின்ன கெப்பாசிட்டர்கள் இருக்கும், அது வழியா கொஞ்சூண்டு கரண்ட் பொருளோட இரும்பு உடம்புக்குக் கசியும், எர்த் இருந்தா கீழ போய்டும், இல்லன்னா அங்கயே 100 வோல்ட்டுக்குப் பக்கமா நிக்கும். அளவு ரொம்பக் கம்மிங்கிறதால சுர்ருன்னு மட்டும் இருக்கும், ஆனா பொருளுக்குக் கெடுதல். கரண்ட் இருக்குறப்போவே எச்டிஎம்ஐயைச் சொருகுறப்போ அந்த வோல்டேஜ் சிக்னல் பின் வழியா பாஞ்சா போர்ட்டுக்குப் பின்னாடி இருக்குற சிப் (ஐசி) செத்துடும். ‘வயரை மாத்திச் சொருகினேன், அதுல இருந்து வரல’ன்னு சொல்ற நிறைய பேருக்கு நடந்தது இதுதான்னு நான் நினைக்கிறேன். எப்பவுமே ரெண்டு பக்கத்துப் பொருளோட ப்ளக்கையும் எடுத்துட்டு அப்புறம்தான் எச்டிஎம்ஐயைத் தொடணும். சுர்ருன்னு இல்லாம நல்லாவே அடிச்சா அது கசிவு, உடனே ஆஃப் பண்ணி ஆள் கூப்பிடுங்க.

கேள்வி: ரிசீவர் ஆன் ஆகி உடனே ஆஃப் ஆயிடுது, சிவப்பு லைட் மின்னுது, புரொடெக்ட்னு காட்டுது. போச்சா?

பதறாதீங்க, அது தன்னையும் உங்க ஸ்பீக்கரையும் காப்பாத்திக்கிட்டு இருக்கு. சர்வீஸ் சென்டருக்குத் தூக்குறதுக்கு முன்னாடி இதைச் செய்ங்க. ப்ளக்கைப் பிடுங்கி பத்து நிமிஷம் விடுங்க. பின்னாடி இருக்குற எல்லா ஸ்பீக்கர் வயரையும், எச்டிஎம்ஐயையும், சப் வயரையும் கழட்டிடுங்க, எது எங்க இருந்துச்சுன்னு முதல்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. இப்போ பவர் வயர் மட்டும் குடுத்து ஆன் பண்ணுங்க.

ஆன் ஆகி நின்னுச்சுன்னா ஆம்ப் நல்லா இருக்கு, கோளாறு வெளிய. பெரும்பாலும் என்னவா இருக்கும்னா, ஸ்பீக்கர் வயரோட செம்பு இழைல ஒரே ஒரு முடி, பக்கத்துக் கறுப்பு முனையைத் தொட்டுக்கிட்டு இருக்கும். இல்லன்னா வயர் கதவு இடுக்குல நசுங்கியிருக்கும், எலி கடிச்சிருக்கும். இழையை நல்லா முறுக்கி, முடிஞ்சா பனானா ப்ளக் போட்டு, ஆம்பை ஆஃப் பண்ணி ஆஃப் பண்ணி ஒவ்வொரு ஸ்பீக்கரா சேத்துக்கிட்டே வாங்க, எதைச் சேத்ததும் திரும்ப ஆஃப் ஆகுதோ அதுதான் ஆளு. ஸ்பீக்கரை மல்டிமீட்டர்ல ஓம் வச்சுப் பாக்கலாம், 8 ஓம் ஸ்பீக்கர் அஞ்சரை, ஆறுன்னு காட்டும், அது நார்மல். பூஜ்யத்துக்குப் பக்கத்துல காட்டினா ஷார்ட், ஒண்ணுமே காட்டலைன்னா காயில் அறுந்திருக்கு. மீட்டர் இல்லையா, பென்சில் பேட்டரியை ஸ்பீக்கர் வயர் முனைல ஒரு நொடி தொட்டு எடுங்க, ‘டொப்’னு வூஃபர் அசையணும்.

எதுவும் மாட்டாமயே புரொடெக்ட் போகுதுன்னா உள்ள அவுட்புட் டிரான்ஸிஸ்டரோ பவர் சப்ளையோ போயிருக்கு, அது சர்வீஸ் ஆள் வேலை. திரும்பத் திரும்ப ஆன் பண்ணிப் பாக்காதீங்க, ஒரு டிரான்ஸிஸ்டரோட முடிய வேண்டியது போர்டு வரைக்கும் போய்டும். மூடியைத் திறந்து நீங்க நோண்டுறதும் வேணாம், 230ஐ நேராக்கினா 325 வோல்ட் டிசி, எஸ்எம்பிஎஸ் போர்டுல அந்தப் பெரிய கெப்பாசிட்டர் ப்ளக்கைப் பிடுங்கின அப்புறமும் அதைப் பிடிச்சு வச்சிருக்கும்.

அரை மணி நேரம் படம் ஓடின அப்புறம்தான் ஆஃப் ஆகுதா? அப்போ சூடு. கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள்ள ரிசீவரை வச்சு, மேலயே செட்டாப் பாக்ஸையும் வச்சு, அதுக்கு மேல அம்மா பின்னின துணியையும் விரிச்சிருப்பீங்க. ரிசீவருக்கு மேல ஒரு சாணாவது காலியா இருக்கணும், கதவைத் திறந்து வைங்க. கெப்பாசிட்டர் ஆயுசு பத்து டிகிரி கூடினா பாதியாகும்னு எலக்ட்ரானிக்ஸ்ல ஒரு பொதுக் கணக்கு இருக்கு, நம்ம ஊர் மே மாசத்துல அறையே 36, 38ன்னா மூடின ஷோகேஸுக்குள்ள என்ன இருக்கும்னு பாத்துக்கோங்க.

கேள்வி: சப் வூஃபர்ல படம் ஓடாதப்பவும் ‘ங்ங்’னு சத்தம், எர்த் பின்னை உடைச்சுட்டா நிக்கும்னு ஒருத்தர் சொன்னாரு, செய்யலாமா?

செய்யவே செய்யாதீங்க, சத்தம் நிக்கும், ஆனா உள்ள என்னைக்காவது கசிஞ்சா குழந்தை கை வைக்கிறப்போ தெரியும். அந்தச் சத்தம் ரெண்டு இடத்துல இருந்து எர்த் வந்து நடுவுல வளையம் போட்டுக்குறதால வர்றது. முதல்ல கேபிள் டிவி வயரையோ டிஷ் வயரையோ செட்டாப் பாக்ஸ்ல இருந்து கழட்டிப் பாருங்க, பாதி வீட்டுல சத்தம் அங்கயே நின்னுடும். நின்னா அந்த வயருக்கு ஐசொலேட்டர்னு ஒரு சின்ன துண்டு வாங்கி நடுவுல போடலாம், ஆனா டிஷ்ஷா இருந்தா மேல சிக்னலைப் பிடிக்கிற எல்என்பிங்கிற தலைக்கு அதே வயர்லதான் கரண்ட் போகணும், அதுக்கு ஏத்ததான்னு கேட்டு வாங்குங்க. நிக்கலைன்னா டிவி, ரிசீவர், சப் மூணையும் ஒரே போர்டுல இருந்து எடுத்துப் பாருங்க. அதுக்கும் நிக்கலைன்னா சப்புக்குப் போற ஆர்சிஏ வயரை மாத்துங்க.

கரண்ட் போய் இன்வெர்ட்டர்ல ஓடுறப்போ மட்டும் சத்தம் வருதுன்னா அது வேற கதை, உங்களோடது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். டிரான்ஸ்ஃபார்மர் வச்ச ஆம்புக்கு அது ஒத்துக்காது, சூடும் ஆகும். ப்யூர் சைன் வேவ் வாங்குற வரைக்கும் ஆம்பை இன்வெர்ட்டர் லைன்ல இருந்து எடுத்துடுங்க.

கேள்வி: டிவில படம் வருது, சவுண்ட்பார்ல சவுண்டு வரல.

ஆர்க் (ARC)னு எழுதியிருக்குற எச்டிஎம்ஐ போர்ட்டுலதான் ரெண்டு பக்கமும் மாட்டியிருக்கான்னு பாருங்க. டிவி செட்டிங்ஸ்ல சவுண்டு அவுட்புட் மாறிடுச்சான்னு பாருங்க, அப்டேட் வந்தா சில சமயம் மாறும். ஒரு பொருள் இன்னொண்ணை எச்டிஎம்ஐ வழியா இயக்குற சிஇசி ஆன்ல இருக்கணும், சாம்சங்ல எனிநெட், எல்ஜில சிம்ப்லிங்க், சோனில பிராவியா சிங்க்னு பேர் வேற வேறயா இருக்கும். எல்லாம் சரியா இருந்தும் வரலைன்னா எல்லாத்தையும் ப்ளக்கோட பிடுங்கி அஞ்சு நிமிஷம் விட்டுட்டு, முதல்ல டிவி, அப்புறம் சவுண்ட்பார், கடைசில செட்டாப் பாக்ஸ்னு ஆன் பண்ணுங்க. எச்டிஎம்ஐல ஒவ்வொரு பொருளும் அடுத்ததை ‘நீ யாரு’ன்னு கேட்டு உறுதி பண்ணிக்கிட்டுத்தான் சிக்னல் குடுக்கும், அந்தப் பேச்சு நடுவுல அறுந்தா இப்படி ஆகும். தலைக்கு மேல இருந்து வர்ற மாதிரி சவுண்டு குடுக்குற அட்மாஸ் வரலைன்னு கேக்குறவங்க ஆப்டிகல் வயர்ல மாட்டியிருந்தா அதுல வரவே வராது, எச்டிஎம்ஐக்கு மாறுங்க.

படம் நடுநடுவுல கறுத்துப் போய் வருதா, 4கேல மட்டும் அப்படின்னா வயர் நீளம்தான் காரணம். சாதா செம்பு வயர் அஞ்சு மீட்டர் வரைக்கும் பரவால்ல, புரொஜெக்டருக்குக் கூரை வழியா பத்துப் பதினஞ்சு மீட்டர் இழுக்கணும்னா ஃபைபர் எச்டிஎம்ஐ வாங்குங்க, அதுக்கு டிவி பக்கம், ப்ளேயர் பக்கம்னு திசை உண்டு, பைப்புக்குள்ள விடுறதுக்கு முன்னாடியே மாட்டி ஓட்டிப் பாருங்க.

கேள்வி: டயலாக் மட்டும் கேக்கவே மாட்டேங்குது, பாட்டும் சண்டையும் காதைக் கிழிக்குது.

சென்டர் ஸ்பீக்கர்தான் டயலாக். அது வேலை செய்யுதான்னு காதை வச்சுப் பாருங்க. ரிசீவர் மெனுல சென்டர் லெவலை ரெண்டு மூணு டெசிபல் ஏத்துங்க, நைட் மோடு இருந்தா போடுங்க. ஸ்பீக்கர் சிவப்பு கறுப்பு மாறியிருந்தாலும் இப்படிக் குழையும், ‘தும் தும்’னு வர்ற பேஸ் சத்தமும் காணாமப் போகும்.

கேள்வி: சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல அசெம்பிள் பண்ணி வாங்கின 5.1 ஆம்ப், ரெண்டாவது தடவையா வூஃபர் கருகிடுச்சு. ஸ்பீக்கர் மட்டமா?

ஸ்பீக்கரைத் திட்டாதீங்க. அசெம்பிள் ஆம்ப் மேல எனக்கு மரியாதை உண்டு, ஒரு பெரிய கம்பெனி ரிசீவர் விலைல கால்வாசிக்கு ஊரே அதுர்ற மாதிரி குடுக்குறாங்க, ரிப்பேரும் அங்கயே ஆகும். ஆனா பெரும்பாலான போர்டுல இருக்குற 5200, 1943ங்கிற நம்பர் டிரான்ஸிஸ்டர்ல போலி நிறைய. அது ஒண்ணு ஷார்ட் ஆச்சுன்னா சப்ளைல இருக்குற 35 வோல்ட் டிசி நேரா ஸ்பீக்கர் காயில்ல போய் உக்காரும், 8 ஓமுக்குக் கணக்குப் போட்டா 150 வாட்ஸ், அதுவும் விடாம, வூஃபர் கோன் ஒரே பக்கம் தள்ளி நின்னு சில நொடில புகையும். கம்பெனி ஆம்ப்னா இந்த இடத்துலதான் புரொடெக்ட் போயிருக்கும். உங்க ஆம்புல ஸ்பீக்கர் புரொடெக்‌ஷன் போர்டுன்னு தனியா ஒண்ணு போடச் சொல்லுங்க, பெரும்பாலும் 1237ன்னு முடியுற ஐசியும் ஒரு ரிலேயும் இருக்கும், ஆன் பண்ணினதும் ரெண்டு மூணு நொடி கழிச்சு ‘டக்’னு சத்தம் வந்து அப்புறம்தான் பாட்டு வரும். புது ஸ்பீக்கர் மாட்டுறதுக்கு முன்னாடி ஆம்ப் அவுட்புட்ல மீட்டரை டிசில வச்சுப் பாருங்க, 50 மில்லி வோல்ட்டுக்குள்ள இருந்தா மாட்டலாம், ஒரு வோல்ட் காட்டினாலே மாட்டக்கூடாது.

கீச்சுச் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர், அதாவது ட்வீட்டர், மட்டும் அடிக்கடி போகுதுன்னா வால்யூமை முழுசா திருப்புறீங்க. ஆம்ப் மூச்சு வாங்கி சிக்னலோட தலையை வெட்டுறப்போ அந்த வெட்டுல பொறக்குற குப்பை எல்லாம் ட்வீட்டருக்குத்தான் போகும். பிஎம்பிஓ பத்தாயிரம்னு அட்டைல போட்டிருக்குறதை நம்பாதீங்க, விடாம குடுக்குற நிஜ வாட்ஸான ஆர்எம்எஸ் எவ்வளவுன்னு கேளுங்க.

கேள்வி: அமெரிக்கால இருந்து அண்ணன் ரிசீவர் கொண்டு வந்திருக்கார், பின்னை மட்டும் மாத்திட்டா போதுமா?

மாத்தினா அன்னைக்கே புகை. அங்க 120 வோல்ட். ரிசீவரோட வாட்ஸை விட ரெண்டு மடங்கு தாங்குற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேணும், பின்னாடி 60 ஹெர்ட்ஸ்னு மட்டும் போட்டிருந்தா நம்ம 50ல டிரான்ஸ்ஃபார்மர் கொஞ்சம் கூடுதலா சூடாகும். துபாய், சிங்கப்பூர்ல வாங்கினதுன்னா நம்ம வோல்டேஜ்தான், கவலை இல்ல.

கேள்வி: ஆம்புக்குள்ள பல்லி செத்துக் கிடக்கு. இது எல்லார் வீட்டுலயும் நடக்குதா?

நடக்குது. ஸ்டாண்ட்பைல ஆம்ப் வெதுவெதுப்பா இருக்கும், மழைக்காலத்துல பல்லி, கரப்பான், எறும்பு எல்லாம் சூட்டுக்காகப் போய் உக்காரும், ரெண்டு முனையைத் தொட்டா அதுவும் போகும் ஆம்பும் போகும். காத்து ஓட்டைகள்ல கொசு வலைத் துணியை ஒட்டாதீங்க, தூசி அடைச்சு சூடு ஏறும், கொஞ்சம் பெரிய கண்ணு வச்ச அலுமினிய வலையை வெளிப்பக்கமா நிறுத்துங்க, உள்ள விழாத மாதிரி. டிவி ஸ்டாண்ட் பக்கத்துல உக்காந்து சாப்பிடுற பழக்கம் இருந்தா எறும்பு வராம இருக்காது.

எங்க மாதிரி கடற்கரை ஊர்க்காரங்களுக்கு இன்னொரு எதிரி உப்புக் காத்து. ஆர்சிஏ முனை, ஸ்பீக்கர் முனை பச்சை பூத்துடும், சவுண்டு ஒரு பக்கம் வந்து வந்து போகும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ப்ளக்கை எடுத்துட்டு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுல தொட்டுத் துடைங்க. மாசக்கணக்கா ஆன் பண்ணாம வச்சிருக்காதீங்க, வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது ஓடுனா உள்ள ஈரம் காயும்.

கேள்வி: ராத்திரி தூங்கப் போறப்போ டிவியை மெயின்லயே அணைச்சுடுறது நல்லதா?

எல்இடி டிவின்னா தாராளமா. ஓஎல்இடி வச்சிருக்கவங்க மட்டும் ரிமோட்ல ஆஃப் பண்ணிட்டுக் கொஞ்ச நேரம் விடுங்க. சில மணி நேரம் ஓடின அப்புறம் ஆஃப் பண்ணினா அது தூங்குற மாதிரி இருந்துக்கிட்டு ஸ்கிரீனைச் சரி பண்ற வேலையைச் செய்யும், தினமும் உடனே சுவிட்சைத் தட்டிட்டா அது நடக்காம நியூஸ் சேனல் லோகோ ஸ்கிரீன்ல தழும்பா தங்கிடும். இடி இடிக்குதுன்னா மட்டும் இதைப் பாக்காம பிடுங்கிடுங்க.

கேள்வி: ரிமோட் வேலை செய்யல.

போன் கேமரா முன்னாடி பிடிச்சு பட்டனை அமுக்குங்க, ஊதா வெளிச்சம் தெரிஞ்சா ரிமோட் நல்லா இருக்கு. சில போன்ல பின் கேமரால தெரியாது, செல்ஃபி கேமரால பாருங்க. ப்ளூடூத் ரிமோட்டுக்கு இந்த டெஸ்ட் செல்லாது.

கேள்வி: டிவில சவுண்டு வருது, ஸ்கிரீன் இருட்டு.

அறையை இருட்டாக்கி டார்ச்சை ஸ்கிரீன் மேல சாய்வா அடிங்க. மங்கலா படம் அசையுறது தெரிஞ்சா பேனல் நல்லா இருக்கு, பின்னாடி பேக்லைட் எல்இடி பட்டைதான் போச்சு, மாத்திக்கலாம். பேனலே போச்சுன்னு சொல்லி யாராவது டிவியைத் தூக்கச் சொன்னா இதைச் செஞ்சு பாக்காம குடுத்துடாதீங்க.

கேள்வி: வெள்ளத்துல சப்பும் ரிசீவரும் நனைஞ்சுடுச்சு, அரிசி மூட்டைல வைக்கலாமா?

2015 டிசம்பர்ல சென்னைல இருக்குற என் மச்சான் வீட்டுல தரைல வச்சிருந்த சப் முங்கிப் போச்சு. தண்ணி வடிஞ்சதும் ஆசைல ஆன் பண்ணிப் பாத்தார், அதோட முடிஞ்சுது. நனைஞ்ச பொருளுக்குக் கரண்ட் குடுக்கவே கூடாது, அரிசியும் உதவாது. வெள்ளத் தண்ணில சேறும் உப்பும் சாக்கடையும் கலந்திருக்கும், காஞ்சாலும் போர்டு மேல ஒரு படலம் தங்கி அரிச்சுக்கிட்டே இருக்கும். சர்வீஸ் ஆள்கிட்ட குடுத்து போர்டை வெளிய எடுத்து ஆல்கஹால்ல கழுவி, நல்லா உலத்தி, டிரான்ஸ்ஃபார்மரைத் தனியா சோதிச்ச அப்புறம்தான் ஆன் பண்ணணும். புயல் எச்சரிக்கை வந்தா சப்பைக் கட்டில் மேல ஏத்திடுங்க, புயலுக்கு அப்புறம் கரண்ட் திரும்பி வர்றப்போ வோல்டேஜ் ஏறி இறங்கும், ஒரு அரை மணி நேரம் வெறும் லைட்டை மட்டும் போட்டுப் பாத்துட்டு மத்ததைச் சேருங்க.

கேள்வி: மின்னல்ல போனா வாரண்டில குடுப்பாங்களா?

பொதுவா குடுக்க மாட்டாங்க, வாரண்டி அட்டைல பொடி எழுத்துல மின்னல், வோல்டேஜ் ஏத்த இறக்கம் எல்லாத்தையும் விலக்கி வச்சிருப்பாங்க. வீட்டு இன்சூரன்ஸ்தான் வழி, 2021ல வந்த பாரத் கிருஹ ரக்‌ஷா பாலிசில மின்னலும் இருக்கு, வீட்டுப் பொருளும் சேருதான்னு கேட்டுப் போடுங்க. பில்லையும் பொருளோட பின்பக்க சீரியல் நம்பர் தெரியுற மாதிரி ஒரு போட்டோவையும் போன்ல வச்சுக்கோங்க.

கேள்வி: ஏழு வருஷப் பழசு, ரிப்பேர் பண்றதா, புதுசு வாங்கறதா?

பவர் சப்ளை, கெப்பாசிட்டர், பேக்லைட், ரிலே, இதெல்லாம்னா கண்ணை மூடிக்கிட்டு ரிப்பேர் பண்ணுங்க. டிவி பேனல் உடைஞ்சதுன்னா புது டிவி விலைக்குப் பக்கத்துல வந்துடும், விட்டுடுங்க. ரிசீவர்ல எச்டிஎம்ஐ போர்டு மட்டும் போயிருந்தா அதைத் தூக்கிப் போடாதீங்க, அதுல இருக்குற ஆம்பும் டிரான்ஸ்ஃபார்மரும் நல்லாவே இருக்கும், டிவில இருந்து ஆப்டிகல் வயர்ல குடுத்தா 5.1 இன்னமும் ஓடும், என் ரிசீவர் நாலு வருஷமா அப்படித்தான் ஓடிக்கிட்டு இருக்கு. ரிப்பேருக்குக் குடுத்தா கழட்டின பழைய போர்டைக் கேட்டு வாங்கிக்கோங்க, எந்த பார்ட் மாத்தினாங்கன்னு பில்லுல எழுதி வாங்குங்க, வீட்டுக்கு எடுத்துட்டு வந்ததும் மாட்டுறதுக்கு முன்னாடி அந்த ப்ளக் பாயிண்ட்ல நியூட்ரல் எர்த் வோல்டேஜை ஒரு தடவை அளந்துட்டு மாட்டுங்க.